தலையைச் சுற்றி ஒரு தேநீர் வட்டம்

கடந்த ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை தெளிவாகக் கேட்கும் ஓர் ஒழுங்கையில், திரு. கிளறன்ஸ் அவர்களின் முன்னறைச் சுவரில் மூன்று படங்கள் தொங்கின. நடுவில் இயேசுவின் திரு இருதயம். இடப்புறத்தில் மடு மாதா. வலப்புறத்தில், முழங்கால்வரை நீண்ட தோற்காலணி அணிந்து, நெஞ்சுவரை தாடி வளர்த்து, உள்ளங்கையில் ஒரு மீனை ஏந்தி நிற்கும் பெரியவர் ஒருவர். அவருடைய தலையைச் சுற்றிப் பொன்னிற வட்டம் ஒளிர்ந்தது. படத்தின் மேல் விளிம்பில் சிறிய சிவப்பு மின்குமிழ் ஒன்று எரிந்தது.

அவர் புனிதர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த, யெகோர் இலியிச் துமானொவ் என்னும் ரஷ்ய மீனியலாளர். அவர் திரு இருதயத்தின் அயலில் குடியேறிய வரலாற்றைச் சொல்வதற்கு, அவரைக் குடியேற்றியவரின் வரலாற்றை முதலில் சொல்லவேண்டும்.

கிளறன்ஸுக்கு இப்போது அறுபத்தாறு வயது. தகப்பனாரும் பாட்டனாரும் துறைமுகத்தில் எழுதுவினைஞர்களாக இருந்தவர்கள். கிளறன்ஸ் மட்டும் பல்கலைக்கழகமொன்றின் விலங்கியல் துறையில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் போர்மலினில் மிதக்கும் மீன்களைப் பராமரித்தார். கண்ணாடிப் போத்தல்களைத் திறந்து திரவத்தை மாற்றுவது, மங்கிப்போன விவரச்சீட்டுகளைத் திரும்ப எழுதுவது, பரீட்சைப் பயத்தில் மாணவர்கள் உடைக்கும் போத்தல்களுக்காகப் பேராசிரியர்களிடம் பரிந்து பேசுவது ஆகிய மூன்றும் அவருடைய கடமைகள். மூன்றாவது கடமை நியமனக் கடிதத்தில் இல்லை.

ஒரு விவரச்சீட்டில் நான்கு செய்திகள் இருக்கவேண்டும்: மீனின் பெயர், கிடைத்த இடம், நாள், சேகரித்தவரின் பெயர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அந்த மீன் கறிக்குத்தான் உதவும் என்பது கிளறன்ஸின் கொள்கை. ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே அவர் இந்தக் கொள்கையைச் சமையலறைக்கும் விரிவுபடுத்தினார். அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸ் ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது, சீரகப் போத்தலில் 'சீரகம், ஆமர் வீதி, மார்ச் 3, கொன்ஸ்ரன்ஸ்' என்று எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

"நான் சீரகத்தைக் கடையில வாங்கினனான். கடலுக்குள்ள இறங்கிப் பிடிக்கேல்ல" என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

"வாங்கினவர்தான் சேகரிச்சவர்" என்றார் கிளறன்ஸ்.

துமானொவ் இவருடைய வாழ்க்கையில் புகுந்தது ஒரு போத்தலின் வழியாகத்தான். துறையின் உச்சித் தட்டில், எவரும் தொடாத மூலையில், விரலளவு நீளமான ஏழு உழுவை மீன்கள் ஒரு போத்தலில் இருந்தன. சீட்டு ரஷ்ய எழுத்தில் இருந்தது. எவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. சீட்டு இருந்தும் படிக்க முடியாத மீன்கள் கிளறன்ஸின் மனத்தைச் சில ஆண்டுகள் உறுத்தின. 1985இல், மாதிரிகளைப் பேணும் முறையைக் கற்பதற்காக லெனின்கிராட் நகரத்துக்கு ஒருவரை ஓராண்டு அனுப்பலாம் என்று கடிதம் வந்தபோது, குளிருக்குப் பயந்து மற்ற எல்லோரும் பின்வாங்கினார்கள். கிளறன்ஸ் இரவல் கம்பளி மேலங்கியுடன் புறப்பட்டார். அந்தப் போத்தலின் சீட்டைப் பார்த்து எழுதி, தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

சீட்டில் சேகரித்தவரின் பெயர் இருந்த இடத்தில் 'துமானொவ்' என்று இருந்தது. யார் இந்தத் துமானொவ் என்று அங்கிருந்த அருங்காட்சியகக் காப்பாளரிடம் கேட்டார். அந்த முதியவர் மகிழ்ந்துபோய், அவரை உட்காரவைத்து, துமானொவ்வின் நாட்குறிப்பேட்டையே கொண்டுவந்து காட்டினார். ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் தாம்தான் என்பதைக் கிளறன்ஸ் பிறகுதான் அறிந்துகொண்டார்.

துமானொவ் அஸ்திரகானில், ஓர் உப்புக் களஞ்சியத்து எழுத்தரின் மகனாக 1829இல் பிறந்தார். தாயார் அவரைக் குருமடத்தில் சேர்த்தார். இரண்டாம் ஆண்டில், தீர்த்தத் தொட்டியில் உயிருள்ள மீன்களை வளர்த்த குற்றத்துக்காகக் குருமடம் அவரைத் திருப்பி அனுப்பியது. பின்னர் கசானில் படித்து, கஸ்பியன் கடலின் கரையோரமாகப் பதினைந்து ஆண்டுகள் அலைந்து, பதினான்கு மீன்களுக்குப் பெயரிட்டார். அவற்றுள் இரண்டு உழுவைகள்: ஒன்று கறுப்பு, மற்றொன்று புள்ளிகளை உடையது. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று எழுதி, அதற்காக ஒரு பதக்கமும் பெற்றார்.

அதன் பிறகு ஒரு கோடையில், பாறையின் அடியில் ஒட்டியிருந்த முட்டைகளைக் கறுப்பு உழுவை ஒன்று காவல் காப்பதைக் கண்டார். காவல் காப்பது தாய்தான் என்று அதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள். துமானொவ் பாறையின்மேல் குப்புறப் படுத்து, பதினொரு நாட்கள் பார்த்தார். மீன் எதையும் உண்ணாமல், செட்டைகளால் முட்டைகளுக்கு நீரை விசிறிக்கொண்டே இருந்தது. முடிவில் அது ஆண் என்றும், புள்ளியுடையது அதே இனத்தின் பெண் என்றும் கண்டறிந்தார். அதாவது, அவர் பதக்கம் பெற்றது ஒரு கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்ததற்காக! வேறொருவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். துமானொவ் நான்கு பக்கக் கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'எனது தவறு'. பதக்கத்தையும் தபாலில் திருப்பி அனுப்பினார்.

இந்த மனிதரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதவேண்டும் என்று கிளறன்ஸ் அன்றே தீர்மானித்தார். முப்பத்தொன்பது ஆண்டுகளாக எழுதிவருகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் ஆகியுள்ளன. துமானொவ்வுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை.

விடைபெறும் நாளில், காப்பாளர் அவருக்குத் துமானொவ்வின் படம் அச்சிட்ட தபாலட்டை ஒன்றைக் கொடுத்தார். மாணவர் விடுதியின் மேசையில் அதை வைத்துவிட்டு, கிளறன்ஸ் பெட்டியைக் கட்டினார். இடையில் தேநீர் அருந்தினார். குவளையைப் பாராமல் அட்டையின்மேல் வைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தபோது, தேநீர்க் குவளையின் அடி வட்டம் துமானொவ்வின் தலையைச் சுற்றி, கவராயத்தால் வரைந்ததுபோலச் சரியாகப் பதிந்திருந்தது.

அந்த அட்டை, செபப் புத்தகத்தின் நடுவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தது. ஓய்வு பெற்ற பின்னர்தான் அதைப் பெரிதாக்கிச் சட்டமிடுவதற்கு, ஆமர் வீதியில் உள்ள ஸாலிஹ் நானாவின் கடைக்குக் கொண்டுபோனார். ஸாலிஹ் நானா பெரிதாக்கிய படத்துக்குத் தம் கையால் வர்ணம் தீட்டுவார். முருகனுக்கும் அந்தோனியாருக்கும் காலஞ்சென்ற பெரியவர்களுக்கும் அவர் ஒரே பொறுமையுடன் கன்னச் சிவப்பு இடுவதைக் கொட்டாஞ்சேனை முழுவதும் அறியும். இரண்டு மாதங்கள் கழித்து அவர் படத்தைத் திரைவிலக்கிக் காட்டியபோது, கிளறன்ஸ் துமானொவ்வின் தலையை விரலால் சுட்டிக்காட்டினார்.

"நானா, தலையைச் சுத்தி என்ன இது?"

"அதான் ஒளிவட்டம். மங்கிப் போய் ஈந்திச்சி. தங்கக் கலர் போட்டு எடுத்தேன்."

"அது தேத்தண்ணிக் கறை!"

"கறையெண்டா தலையச் சுத்தி மட்டும் ஏன் ஈக்கி? சட்டையில ஏன் இல்ல?" என்று கேட்டார் ஸாலிஹ் நானா. கிளறன்ஸ் மின்குமிழைக் காட்டினார்.

"இந்த லைட்?"

"லைட் இல்லாம நான் ஒரு படமும் குடுத்ததில்ல. அது உங்களுக்கு என்ட அன்பளிப்பு, மிஸ்டர் கிளறன்ஸ்."

அன்பளிப்பை மறுக்கக் கிளறன்ஸுக்குத் தெரியாது. படம் வீட்டுக்கு வந்தது. முன்னறையில் ஓர் ஆணிதான் வெறுமையாக இருந்தது. அது திரு இருதயத்துக்கு அயலில், மடு மாதாவின் மறுபக்கத்தில் இருந்தது.

சில ஆண்டுகள் எந்தப் பிரச்சினையும் எழவில்லை. கடந்த ஒக்டோபரில், செபமாலை மாதத்தை முன்னிட்டு, மாதாவின் சுரூபம் ஒழுங்கையில் வீடு வீடாகச் சென்றது. வழக்கமாகக் கிளறன்ஸின் வீட்டுக்குச் சுரூபம் வருவதில்லை, படிகள் செங்குத்தானவை. இந்த முறை படியைத் திருத்தியிருந்தார்கள். பெண்கள் பதினைந்துபேர் வந்து செபமாலை சொன்னார்கள். முன்னின்று சொன்னவர் சீனியம்மா. சந்தையில் முப்பது ஆண்டுகளாக மீன் விற்பவர். சந்தையின் இரைச்சலுக்குப் பழகிய குரல். 'அருள் நிறைந்த மரியே' என்று அவர் தொடங்கினால், அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்களும் சிலுவை அடையாளம் இடுவார்கள்.

செபம் முடிந்ததும் சீனியம்மாவின் கண் வலப்புறத்துப் படத்தில் நிலைத்தது. கிளறன்ஸ் அப்போது பிஸ்கட் வாங்குவதற்குக் கடைக்குப் போயிருந்தார்.

"இது எந்த அர்ச்சிஷ்டவர், அக்கா? நான் பாத்ததேயில்ல."

கொன்ஸ்ரன்ஸ் நாற்பது ஆண்டுகளாகத் துமானொவ்வைப் பற்றிக் கேட்டுக் களைத்திருந்தவர். அவர் சுருக்கமாகப் பதில் சொன்னார்: "அவர் ரஷ்யா தேசத்தவர். குருமடத்தில படிச்சவர். தன்ட சீவியம் முழுக்க மீன்களுக்காகவே குடுத்தவர்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால், சீனியம்மா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, படத்தின் அடியில் முழந்தாளிட்டார்.

அவருக்குக் கேட்பதற்கு ஒரு காரியம் இருந்தது. அவருடைய மகன் ஜெனிஸ்டனின் மனைவி டிலக்ஷிக்கு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது, எட்டாம் மாதம். படுக்கையைவிட்டு எழும்பக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் சீனியம்மா மெழுகுதிரியுடன் வந்தார். அதற்கு மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை நன்றாக இருப்பதாக வைத்தியர் சொன்னார். அவ்வளவுதான். 'துமானியார்' என்ற பெயர் சந்தையில் பரவியது. சூரை விற்பவர்களும் கருவாடு விற்பவர்களும் மாலையில் வரத் தொடங்கினார்கள். ஒருவர் வெள்ளி முலாம் பூசிய சிறிய மீன் ஒன்றை நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து, சட்டத்தில் கட்டிவிட்டுப் போனார்.

கிளறன்ஸ் ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு நாளும் சீனியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நவம்பர் முதல் வாரத்தில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் டொக்டர் நுஹா. ஒரு காலத்தில் போத்தலை உடைத்துவிட்டுக் கிளறன்ஸின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த மாணவி, இப்போது அதே துறையின் விரிவுரையாளர்.

"அங்கிள், எங்கட காட்சியறை பதினாலாந் திகதி வெள்ளிக்கிழமை திறக்கிறம். மீன்களை ஆராய்ஞ்ச ஆட்களுக்கு எண்டு ஒரு சுவர் வச்சிருக்கு. உங்கட துமானொவ்வைத் தருவீங்களா? விவரச்சீட்டை நீங்கதான் எழுதோணும்."

கிளறன்ஸ் தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் கதிரையில் இருந்தார். உச்சித் தட்டில் படிக்க முடியாமல் கிடந்த பெயர், இனி மாணவர்களின் கண்மட்டத்தில் இருக்கும். முப்பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"அப்ப சீனியம்மா?" என்றார் கொன்ஸ்ரன்ஸ். "அந்தப் பிள்ளைக்கு டிசம்பர் முதல் கிழமைதான் நாள் குறிச்சிருக்கு. இப்ப படத்தைக் கழட்டினா அந்த மனுசி உடைஞ்சு போயிரும்."

"பொய்யில எத்தனை நாளைக்கு நிக்கிறது? நீர் அண்டைக்கு ஒழுங்காச் சொல்லியிருக்கலாம்."

"நான் என்ன பொய்யா சொன்னனான்? நீங்க பிஸ்கட் வாங்கப் போன நேரம் நான் உங்கட ஆளை மரியாதையா அறிமுகப்படுத்தினனான்."

"விஞ்ஞானி எண்ட சொல்லை விட்டிட்டீர்."

"நீங்க ஸாலிஹ் நானாட்ட லைட்டை வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்" என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

அடுத்த நாட்களில் கிளறன்ஸ் பல வழிகளை ஆராய்ந்தார். வேறொரு புனிதரின் படத்தை அதே ஆணியில் மாட்டலாமா? சீனியம்மா ஐந்து அடி தூரத்திலிருந்து மீனின் செவுளைப் பார்த்து, அது எந்த நாள் பிடிபட்டதென்று சொல்பவர்; அவரை ஏமாற்ற முடியாது. துப்புரவுக்காகப் படத்தை இறக்கியதாகச் சொல்லலாமா? அப்படிச் சொன்னால் சீனியம்மாவே வாளியுடன் வந்துவிடுவார். ஒவ்வொரு வழியையும் யோசித்து முடிக்கும்போது, தாடிக்காரர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'எனது தவறு' என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதியவரின் படத்துக்கு அடியில் இருந்துகொண்டு பொய் தேடுவது, கிளறன்ஸுக்குக் கூச்சமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் அவர் சந்தைக்குப் போனார். சீனியம்மா ஓர் அறக்குளா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணன்! அறக்குளாவா, சூரையா?"

"மீன் விசயமா வரேல்ல, சீனியம்மா" என்றார் கிளறன்ஸ். பிறகு, உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் முதற் சொல்லே பிழைத்துவிட்டதை உணர்ந்து, "இல்ல, மீன் விசயம்தான்" என்று திருத்தினார். "எங்கட வீட்டில இருக்கிறவர் அர்ச்சிஷ்டவர் இல்ல."

"இன்னும் பட்டம் குடுக்கேல்லையா? ரோமாபுரியில எல்லாம் சுணங்கும் அண்ணன். பொறுமையா இருங்க."

"அப்பிடியில்ல. அவர் எங்கட சபையே இல்ல. மீன்களைப் பற்றிப் படிச்ச ஒரு விஞ்ஞானி. நான் வேலை செஞ்ச இடத்தில இருக்கிறவையைப் போல."

கத்தி நின்றது. "தலையைச் சுத்தி வெளிச்சம்?"

"தேத்தண்ணிக் குவளை வச்ச அடையாளம்."

"ஆர் வச்ச?"

"நான்தான்."

சீனியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இருபத்தஞ்சு நாளா நான் உங்கட தேத்தண்ணிக் கறைக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

கிளறன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். சீலை உடுத்த சிங்களப் பெண்மணி ஒருவர் வந்து சாளை மீனைச் சுட்டிக்காட்டினார். "பொட்டக் இன்ன, நோனா" என்று சீனியம்மா அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கிளறன்ஸின் பக்கம் திரும்பினார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே அண்ணன்."

"சொல்ல வந்தனான். உங்கட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமப் போச்சு. அது என்ட பிழை. வெள்ளிக்கிழமை படத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் குடுக்கோணும். சொல்லாமக் குடுக்கிறது அதைவிடப் பெரிய பிழை."

சீனியம்மா கத்தியைப் பலகையில் வைத்தார். சந்தை இரைந்துகொண்டிருந்தது. "அந்த மனுசன் அப்ப என்னதான் செஞ்சவர்?" என்று கேட்டார்.

முப்பத்தொன்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியைக் கிளறன்ஸிடம் தாமாகக் கேட்டவர் எவரும் இல்லை. அவர் நின்றபடியே சொன்னார். குருமடத்துத் தீர்த்தத் தொட்டியைச் சொன்னார், பதக்கத்தைச் சொன்னார், பாறையில் குப்புறப் படுத்திருந்த பதினொரு நாட்களைச் சொன்னார். சாளை வாங்க வந்த பெண்மணி, மொழி விளங்காவிட்டாலும், கையசைவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொரு நாள் அந்தத் தகப்பன் மீன் சாப்பிடேல்லையா?"

"ஒரு துண்டும் இல்ல. செட்டையால விசிறிக்கொண்டே இருந்தது."

"முட்டை எல்லாம் பொரிச்சுதா?"

அவர் எந்த முட்டையைக் கேட்கிறார் என்பது கிளறன்ஸுக்கு விளங்கியது. "ஓம். எல்லாம் பொரிச்சுது. பன்னிரண்டாம் நாள் அவர் கொப்பியில ரெண்டு வரிதான் எழுதினவர்: 'எல்லாம் வெளியே வந்துவிட்டன. நானும் வீட்டுக்குப் போகிறேன்.'"

சீனியம்மா மீன் படாத முழங்கையால் கண்ணைத் துடைத்தார். "காவல் இருந்த மனுசன்" என்றார். பிறகு, அவருடைய முகத்தில் சந்தை திரும்பி வந்தது. "அண்ணன், ஒண்டு கேக்கட்டா? உழுவையைப் பாத்தவரெண்டா, கையில ஏன் பாரைக்குட்டியை வச்சிருக்கிறார்?"

"என்ன பாரைக்குட்டி?"

"படத்தில அண்ணன்! வால் ரெண்டாப் பிரிஞ்சு, பக்கத்தில முள்ளு வரியோட. நான் முதல் நாளே கண்டனான். பாரை மீனுக்குப் பொறுப்பான அர்ச்சிஷ்டவராக்கும் எண்டு நினைச்சனான்."

கிளறன்ஸ் வீட்டுக்கு ஓடினார். அறுபத்தாறு வயதில் அவர் ஓடியதை அன்றுதான் ஒழுங்கை கண்டது. கதிரையில் ஏறி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டு, துமானொவ்வின் உள்ளங்கையைப் பார்த்தார். பாரை! ஐயத்துக்கு இடமில்லாத பாரை. முப்பத்தெட்டு ஆண்டுகள் மீன்களுக்குப் பெயர் எழுதியவர், தம் சுவரில் தொங்கிய மீனை ஒருநாளும் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் முகத்தைத்தான்.

கடைக்குப் போய்க் கேட்டபோது, ஸாலிஹ் நானா சற்றும் கலங்கவில்லை. "அட்டையில மீன் ஒரு கறுப்புப் புள்ளி மாதிரித்தான் ஈந்திச்சி. மீனெண்டு நீங்கதானே சொன்ன? அவ்வளவு பெரிய மனுசன்ட கையில நல்ல மீனாப் போட்டேன். உழுவையெண்டா எப்படி ஈக்கும்? ஒண்டைக் கொண்டாங்க, பாத்து வரைஞ்சு தாறேன்."

அன்று மாலை கிளறன்ஸ் நுஹாவை அழைத்தார்.

"படம் வெள்ளிக்கிழமை வராது, மகள். மீன் பிழை."

"அங்கிள், பிரதம விருந்தினருக்குப் பாரையும் தெரியாது, உழுவையும் தெரியாது. ஆருக்கும் விளங்காது."

"சீனியம்மாவுக்கு விளங்கிச்சு."

"சீனியம்மா ஆர்?"

"மீன்களை அறிஞ்ச ஒராள்" என்றார் கிளறன்ஸ்.

வெள்ளிக்கிழமை காட்சியறை திறக்கப்பட்டது. துமானொவ்வுக்கு ஒதுக்கிய இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. ஆணியின் கீழே, 'படம் திருத்தப்படுகிறது' என்று எழுதப்பட்டிருந்தது. விருந்தினர்களில் ஒருவர் அதைப் பெரிதும் பாராட்டியதாகக் கேள்வி. நவீன கலை என்று நினைத்தாராம்.

உழுவை எளிதில் கிடைக்கவில்லை. அதை வாங்குவோர் இல்லாததால், வலையில் அகப்பட்டாலும் மீனவர்கள் தண்ணீரிலேயே எறிந்துவிடுவார்கள். நீர்கொழும்பிலிருந்து மீன் கொண்டுவரும் லொறிக்காரரிடம் சீனியம்மா சொல்லிவைத்தார். அதுவரை படம் கிளறன்ஸின் வீட்டு ஆணியிலேயே இருந்தது. மெழுகுதிரிகளைச் சீனியம்மாவே பொறுக்கி எடுத்துச் சென்று, கொச்சிக்கடை அந்தோனியாருக்குக் கொளுத்தினார். வெள்ளி மீனும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. சந்தையில் எல்லோருக்கும் உண்மையைச் சொன்னவரும் அவர்தான். அவர் சொன்னால் இரண்டாவது முறை சொல்லத் தேவையில்லை.

ஆனால், மாலையில் வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. செபமாலை இல்லாமல் வந்து, படத்துக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்திருப்பார்.

"இப்ப என்னத்துக்கு வாறீங்க, சீனியம்மா?" என்று ஒருநாள் கொன்ஸ்ரன்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"சும்மாதான் அக்கா. செபமெல்லாம் அந்தோனியாரோட. இவரோட பேச்சு ஒண்டும் இல்ல. இவரும் காத்துக்கொண்டு இருந்தவர், நானும் காத்துக்கொண்டு இருக்கிறன்."

கொன்ஸ்ரன்ஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கிளறன்ஸ் குவளையின் அடியில் ஒரு தட்டை வைத்தார்.

நவம்பர் இருபத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை காலையில், லொறிக்காரர் ஒரு பொலித்தீன் பையில் கடல்நீரும் உழுவையுமாக வந்து இறங்கினார். சீனியம்மா பையை வாங்கிய அந்த நேரத்திலேயே அவருடைய தொலைபேசி ஒலித்தது. ஜெனிஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். பேசினான் என்பதைவிட அழுதான் என்பதே பொருந்தும். பெண் குழந்தை. ஒரு வாரம் முந்திவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்.

சீனியம்மா கடையை அயல் கடைக்காரரிடம் விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் ஏறினார். கையில் பை இருப்பது அவருக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. காவலாளி பையை உற்றுப் பார்த்தார். பையின் உள்ளிருந்து உழுவையும் காவலாளியை உற்றுப் பார்த்தது.

"மேக்க மொக்கத, அம்மே?" என்று அவர் கேட்டார். இது என்னவென்று கேட்ட அந்த மனிதரிடம், ரஷ்யப் பெரியவர் ஒருவரின் கைக்குப் போகவேண்டிய மீன் என்று சிங்களத்தில் விளக்குவதற்குச் சீனியம்மா முயன்றார். காவலாளி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பையைத் தம் மேசையில் வைத்துக்கொண்டு அவரை உள்ளே அனுப்பினார். திரும்பி வரும்வரை மீனைப் பார்த்துக்கொண்டதற்கு அத்தாட்சியாக, பையின் வாயைச் சிறிது திறந்தும் வைத்திருந்தார்.

நண்பகலில் சீனியம்மா கிளறன்ஸின் வீட்டுப் படிகளில் ஏறும்போதே குரல் மேலே வந்துவிட்டது.

"அண்ணன்! எல்லாம் வெளிய வந்திட்டுது!"

கிளறன்ஸுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும், எழுந்து நின்று, எதைச் செய்வதென்று தெரியாமல், பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"பேர் வைக்கிறதைப் பற்றி..." என்று தயங்கித் தயங்கித் தொடங்கினார்.

"பயப்பிடாதீங்க. உங்கட ஆள்ட பேரை வைக்கமாட்டன். அந்தோனியாருக்குத்தானே முறைப்படி சொல்லிவச்சனான். அன்ரனேற் எண்டு வைக்கிறம்."

கிளறன்ஸ் நிம்மதியாக மூச்சுவிட்டார். சிறிது ஏமாற்றமும் அதில் கலந்திருந்ததாகக் கொன்ஸ்ரன்ஸ் பிற்பாடு சொன்னார். கிளறன்ஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மீனைத் திருப்பிப் பார்த்தார். ஆண்.

அன்று பிற்பகலே படமும் மீனும் ஸாலிஹ் நானாவின் கடைக்குப் போயின. மீன் நீந்திக்கொண்டிருக்க, ஸாலிஹ் நானா மூன்று நாட்கள் அதற்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். "மூஞ்சி வடிவில்ல, ஆனா நல்ல நெஞ்சுரம் ஈக்கி" என்று ஒப்புக்கொண்டார். நான்காம் நாள் லொறிக்காரர் அதைத் திரும்பக் கொண்டுபோய், பிடித்த களப்பு நீரிலேயே விட்டார்.

துமானொவ் இப்போது காட்சியறையில் இருக்கிறார். ஒளிவட்டத்தை அழிக்கட்டுமா என்று ஸாலிஹ் நானா கேட்டதற்கு, கிளறன்ஸ் வேண்டாமென்றார். நடந்ததை அழிப்பது திருத்தம் ஆகாது, எழுதிவைப்பதே திருத்தம். ஆகவே, படத்தின் கீழ் அவருடைய கையெழுத்தில் ஒரு விவரச்சீட்டு இருக்கிறது. துமானொவ்வின் பெயரும் வாழ்ந்த காலமும் முதலில் உள்ளன. அதன் கீழே: 'தலையைச் சுற்றிய வட்டம்: தேநீர்க் குவளையின் அடையாளம். லெனின்கிராட், 1986. பதித்தவர்: கிளறன்ஸ்.' அதற்கும் கீழே: 'கையில் உள்ள மீன்: உழுவை, ஆண். நீர்கொழும்புக் களப்பு. நவம்பர் 29. சேகரித்தவர்: சீனியம்மா, மீன் வியாபாரி, கொட்டாஞ்சேனை.'

ஞானஸ்நானம் முடிந்த வாரத்தில், சீனியம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்சியறைக்கு வந்தார். நுஹா சீட்டைப் படித்துக் காட்டினார். சீனியம்மா தம் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். சட்டத்தின் மேல் விளிம்பில் ஸாலிஹ் நானாவின் சிவப்பு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் துமானொவ்வின் தாடியோடு நின்றுவிட்டது.

"பிள்ளை," என்றார் சீனியம்மா, "அந்த லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்க. அவரை எல்லாருக்கும் தெரியுது. எழுதினதை வாசிக்க ஏலாமக் கிடக்கு."

அது இறக்கிப் போடப்பட்டது.